தாயின் எடையும் குறைமாதக் குழந்தையின் மூளையும்

கர்ப்பம் உறுதியானதும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் நடப்பது எடை பார்ப்பது. வட சென்னையில் காசிமேடானாலும் கொடுங்கையூரானாலும் எண்ணூரானாலும் இதில் மாற்றமில்லை. நர்ஸ் எண்ணைச் சொல்வார், அட்டையில் ஏறும், அடுத்தவர் மேலே ஏறுவார். அந்த எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்ற பேச்சு பல நேரம் அதோடு நின்றுவிடுகிறது. பிறகு குழந்தை 31, 32 வாரத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடக்கும்போது, "பொண்ணு குண்டா இருந்துச்சு, அதான்" என்று யாராவது சொல்லும்போதுதான் எடை மறுபடி பேச்சுக்கு வருகிறது. அந்த நேரத்தில் அந்தப் பேச்சால் தாய்க்கு வலிதான் மிச்சம். எடையை வைத்துச் செய்யக்கூடியது எல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது, ஆனால் அவை வேறு வேலைகள்.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். எடையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, உயரமும் வேண்டும். எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் வகுத்து, வரும் விடையை மறுபடி அதே உயரத்தால் வகுத்தால் பி.எம்.ஐ., அதாவது உடல் நிறைக் குறியீட்டெண். 150 செ.மீ. உயரம், 63 கிலோ என்றால் 28. 155 செ.மீ. உயரம், 42 கிலோ என்றால் 17.5. உலக அளவுகோலில் 18.5-க்குக் கீழே எடைக்குறைவு, 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல்பருமன். நம் ஊர் உடல்வாகுக்கு 23-லேயே அதிக எடையும் 25-லேயே உடல்பருமனும் தொடங்குவதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதே பி.எம்.ஐ.யில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதல், சர்க்கரையும் சீக்கிரம் வருகிறது என்பதே காரணம். அதனால் "கொஞ்சம் பூசினாப்ல இருக்கா, பார்க்க லட்சணமா இருக்கா" என்று சொல்லப்படும் பெண்ணும் இந்தக் கணக்குக்குள் வருகிறார்.

கணக்கு கெடுவது எடை பார்க்கும் இடத்தில்தான். செருப்போடு ஏறுவது, தோள்பையை இறக்காமல் நிற்பது, மேடுபள்ளமான தரையில் மெஷினை வைப்பது, ஒரு மாதம் சுகாதார நிலையத்திலும் அடுத்த மாதம் ஸ்கேன் சென்டரிலும் பார்த்து இரண்டையும் ஒரே வரிசையில் எழுதுவது. இரண்டு மெஷினுக்கும் ஒரு கிலோ வித்தியாசம் இருந்தால், 4 வாரத்தில் ஏறியது ஒரு கிலோவா இரண்டு கிலோவா என்றே தெரியாமல் போகும். உயரத்தை அளக்காமல் வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதுவதும் உண்டு. முதல் வருகையே ஐந்தாம் மாதம் என்றால் கர்ப்பத்துக்கு முந்தைய எடை யாருக்கும் தெரியாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் மருந்துக்கடை வாசல் மெஷினிலாவது ஒரு முறை ஏறி, தேதியோடு போனில் குறித்துவைப்பது நல்லது. பின்னால் டாக்டருக்கு அந்த ஒரு எண் மிகவும் உதவும்.

ஆராய்ச்சிகள் சொல்வதை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தச் செய்தி ஊருக்குள் வந்து சேரும்போது தாயின் மேல் பழியாக மாறிவிடுகிறது. சுவீடனில் 1992 முதல் 2010 வரை நடந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து 2013-ல் வெளியான ஆய்வில், தாயின் பி.எம்.ஐ. ஏற ஏற, 28 வாரத்துக்கு முன்பே பிறக்கும் வாய்ப்பும் படிப்படியாக ஏறியது. பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தவர்களுக்கு அது சரியான எடை உள்ளவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அமெரிக்காவில் 2002 முதல் 2004 வரை 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை 14 மருத்துவமனைகளில் சேர்த்துக்கொண்டு, பள்ளி வயது தாண்டியும் தொடர்ந்து பார்த்தார்கள். கர்ப்பத்துக்கு முன்பே உடல்பருமன் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு 2 வயதிலும் 10 வயதிலும் அறிவுத்திறன் சோதனைகளில் மதிப்பெண் சற்றுக் குறைவாக வந்தது. இன்னொரு பக்கம், 2017-ல் சுவீடனிலிருந்தே வந்த ஆய்வில் தாயின் பருமனுக்கும் குழந்தையின் மூளை முடக்குவாதத்துக்கும் (வளரும் மூளை பாதிக்கப்பட்டதால் உடல் அசைவுகள் கட்டுப்படாமல் போகும் நிலை) தொடர்பு தெரிந்தது நிறைமாதக் குழந்தைகளிடம்தான். குறைமாதக் குழந்தைகளிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் சேர்த்து நான் புரிந்துகொள்வது: எடையின் பெரிய பங்கு, பிரசவத்தை முன்னால் இழுத்துவிடுவதில் இருக்கிறது. குழந்தை ஏற்கெனவே 30 வாரத்தில் பிறந்துவிட்டால், அதன் மூளையின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பவை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, மூளையில் ரத்தக்கசிவு வந்ததா, கிருமித்தொற்று வந்ததா, என்ன பால் கிடைத்தது, எப்போது பயிற்சி தொடங்கியது என்பவை.

எடை எப்படிப் பிரசவத்தை முன்னால் இழுக்கிறது? இரண்டு வழி. ஒன்று, கூடுதல் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. உடல் முழுக்க லேசான அழற்சியைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கும். தொற்றும் சேர்ந்தால் பனிக்குடம் முன்னதாகவே உடையலாம். அதே அழற்சி குழந்தையின் வளரும் மூளையின் வெள்ளைப் பகுதிக்கும் நல்லதல்ல. இரண்டாவது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும். தாய்க்கு வலிப்பு வரும் நிலை நெருங்கினால், 33 வாரமானாலும் டாக்டரே குழந்தையை வெளியே எடுக்க வேண்டிவரும். நம் மருத்துவமனைகளில் குறைமாதப் பிரசவங்களில் கணிசமானவை இப்படி டாக்டர் முடிவெடுத்து நடப்பவை. இரும்புச் சத்தும் இதில் மாட்டுகிறது. அழற்சி இருக்கும் உடலில் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குடலில் இரும்பை உள்ளே விடாது. பருமனான பெண்ணுக்கும் ரத்தசோகை இருப்பது இதனாலும்தான். "நல்லா திடமா இருக்கா, ரத்தம் இல்லாமலா போகும்" என்று ஹீமோகுளோபின் பார்ப்பதைத் தள்ளிப்போடுவது தவறு.

ஒல்லியான பெண்களை இந்தப் பேச்சில் மறந்துவிடுகிறோம். மீன் கூடை சுமப்பவர், எக்ஸ்போர்ட் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்ப்பவர், காலையில் டீயும் பன்னும், மதியம்தான் முதல் சோறு என்று ஓடுபவர். பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழ் இருந்து, கர்ப்பத்திலும் எடை ஏறாமல் போனால் குறைமாதப் பிரசவமும் வயிற்றுக்குள் வளர்ச்சி தடைபடுவதும் வரும். சீக்கிரம் பிறந்து, அந்த வாரத்துக்கான எடையும் இல்லாத குழந்தைக்குப் பாதிப்பு இரட்டிப்பு. வட சென்னையில் ஒரே தெருவில் இந்த இரண்டு முனையும் இருக்கின்றன. மணலி, எண்ணூர் பக்கத்துப் புகைக்காற்றும் குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புடையதுதான். அதைத் தாய் தனியாக மாற்ற முடியாது, எடையிலாவது கை வைக்கலாம்.

எவ்வளவு ஏறலாம்? உலக அளவில் பின்பற்றப்படும் 2009-ம் ஆண்டு அமெரிக்கப் பரிந்துரை இது: எடைக்குறைவாகத் தொடங்கியவருக்கு மொத்தம் 12.5 முதல் 18 கிலோ, சரியான எடைக்கு 11.5 முதல் 16, அதிக எடைக்கு 7 முதல் 11.5, உடல்பருமனுக்கு 5 முதல் 9 கிலோ. முதல் மூன்று மாதத்தில் அரை கிலோவிலிருந்து 2 கிலோ வரை போதும். நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்கு, ஒல்லியானவருக்கு அரை கிலோ, சரியான எடைக்கு 400 கிராம், அதிக எடைக்கு 300, பருமனுக்கு 200 கிராம் அளவு. மேலே சொன்ன 63 கிலோ பெண், உலக அளவுகோலில் அதிக எடைக்காரர், நான்கு வாரத்தில் 1.2 கிலோ ஏறினால் சரியாகப் போகிறார். 3 கிலோ ஏறினால் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். ஒரே வாரத்தில் 2 கிலோ ஏறி, முகம் உப்பி, தலைவலியும் கண் மங்கலும் இருந்தால் அது சாப்பாட்டு விஷயமே அல்ல. உடலில் நீர் கோத்துக்கொள்கிறது என்று பொருள், அன்றே பி.பி.யும் சிறுநீரில் புரதமும் (பேச்சுவழக்கில் 'உப்பு') பார்க்க வேண்டும். 140/90 வந்தால் வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

கர்ப்பத்தில் எடை குறைக்கும் டயட் வேண்டவே வேண்டாம். பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாகும், குழந்தைக்கு அது ஆகாது. குறைக்க வேண்டியதைக் கர்ப்பத்துக்கு முன்பே குறைக்க வேண்டும். கர்ப்பமான பிறகு, ஏறும் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தலாம்.

"ரெண்டு உயிரு, ரெண்டு பேருக்கு சாப்பிடும்மா" என்று அத்தையும் பாட்டியும் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கில் கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டியது ஒரு நாளைக்கு 350 கலோரி. ஒரு அவித்த முட்டை, 200 மில்லி பால், ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, அவ்வளவுதான். இன்னொரு ஆளின் சாப்பாடு இல்லை. புரதம்தான் கூட வேண்டும்: நடு மூன்று மாதத்தில் தினம் 9.5 கிராம், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் கூடுதல். காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் நெத்திலியும் மத்தியும் இதற்கு அருமையான சாப்பாடு. மூளைக்கு வேண்டிய கொழுப்பும் அதில் இருக்கிறது. வறுக்காமல் குழம்பு வையுங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது குழந்தையின் நரம்புகளைத் தாக்கும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் சின்ன மீன்களே நல்லது.

அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் நெய்யும் சத்துமாவும் பேரீச்சம்பழமும் வரும். ஒல்லியான பெண் அதை முழுவதும் சாப்பிடலாம், யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை. பி.எம்.ஐ. 28 உள்ளவருக்கு நெய் ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் போதும். சத்துமாவில் சர்க்கரை போடாமல் கஞ்சியாகக் குடித்து, அந்த வேளை இட்லியில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் ஒரே பெட்டகம் கொடுப்பதில் தப்பில்லை, எப்படிச் சாப்பிடுவது என்பதை எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

சர்க்கரைப் பரிசோதனையில் நம் ஊருக்கு ஒரு வசதி. சென்னை மருத்துவர் சேஷய்யாவின் உழைப்பால் நிலைபெற்ற முறையில் வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும், 2 மணி நேரம் கழித்து ரத்தம். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு வந்தால் பரவாயில்லை. குளுக்கோஸைக் குடித்துவிட்டு "பையனை ஸ்கூல்ல விட்டுட்டு வரேன் சிஸ்டர்" என்று கிளம்பி, மூன்று மணி நேரம் கழித்து வந்து ரத்தம் கொடுப்பவர்கள் நிறைய. அந்த எண் எதற்கும் உதவாது. முதல் வருகையில் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு முறை. முதலில் சரியாக இருந்தது என்று இரண்டாவதை விடக் கூடாது.

இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்க வேண்டாம், டீயோடும் வேண்டாம். பருமனும் முதல் கர்ப்பமும் சேர்ந்தவர்கள், முன்பு பி.பி. வந்தவர்கள், பி.பி. சிக்கல் வராமல் தடுக்க ஆஸ்பிரின் தேவையா என்று 12-ம் வாரத்திலேயே டாக்டரிடம் கேட்க வேண்டும். 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் அதற்குப் பலன் அதிகம். தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் வலி முன்னதாக வரலாம். வயிறு 10 நிமிடத்துக்கு ஒரு முறை இறுகுவது, இடுப்பில் விட்டுவிட்டு வலி, நீர் கசிவு, ரத்தம் இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108. போக வேண்டியது பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்துக்கு. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை போன்றவை. எண்ணூரிலோ மீஞ்சூரிலோ பக்கத்து நர்சிங் ஹோமில் பிரசவம் பார்த்துவிட்டு, 1.2 கிலோ குழந்தையை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு வருவதைவிட, வயிற்றுக்குள் வைத்துக் கொண்டுவருவது மூளைக்குப் பல மடங்கு பாதுகாப்பு. 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தையின் மூளையில், நீரறைகளை ஒட்டிய பகுதியில் மிக மெல்லிய ரத்தக்குழாய்கள் இருக்கும். குலுக்கல், குளிர், பி.பி. ஏறி இறங்குவது எல்லாம் அவற்றை உடைக்கும். ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்தில் நடந்துவிடுகிறது.

அங்கே போனதும் இரண்டு ஊசிகளைப் பற்றி உறவினருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று டெக்ஸாமெத்தசோன்: 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி, 24 முதல் 34 வாரம் வரை. நுரையீரலுக்கு என்று சொல்வார்கள், மூளை ரத்தக்கசிவையும் அது குறைக்கிறது. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் சில நாள் எண் எகிறும், அதற்காக ஊசியை மறுக்கக் கூடாது, அடிக்கடி சர்க்கரை பார்த்து இன்சுலினைச் சரிசெய்வார்கள். இன்னொன்று மக்னீசியம் சல்பேட்: 32 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால் 4 கிராம் மெதுவாக 20 நிமிடத்தில், பிறகு மணிக்கு 1 கிராம். மூளை முடக்குவாதத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் மருந்து இது. ஏறும்போது உடம்பெல்லாம் தகிக்கும், முகம் சிவக்கும். பயந்துபோய் "நிறுத்துங்க" என்று சொல்லிவிட வேண்டாம். முழங்கால் அசைவு, மூச்சு, சிறுநீர் அளவு மூன்றையும் நர்ஸ் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பிறந்த பிறகு தாயின் எடை தலைகாட்டும் ஒரு இடம், பால். பருமனான தாய்க்குப் பால் இறங்க 72 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். குறைமாதப் பிரசவம் என்றால் இன்னும் தாமதம். மூன்றாம் நாள் "பால் இல்ல" என்று முடிவு கட்டி, மாவுப்பால் டின் உடைக்கப்படுவது இங்கேதான். மாவுப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைக்குக் குடல் அழுகல் நோய் வரும் வாய்ப்பு அதிகம், அந்த நோயிலிருந்து பிழைத்த குழந்தைகளில் மூளை வளர்ச்சிக் குறைபாடும் அதிகம். பிரசவமான இரண்டு மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 முறை, அதில் ஒன்று நடு இரவில். முதல் நாள் நாலு சொட்டுச் சீம்பால் வந்தாலும் அதைச் சிரிஞ்சில் எடுத்துக் குழந்தையின் கன்னத்துக்குள் தடவுவார்கள். அதுவும் போதாதபோது தாய்ப்பால் வங்கிப் பால் இருக்கிறதா என்று கேளுங்கள், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் வங்கி இருக்கிறது.

கங்காரு முறையிலும் கவனிக்க ஒன்று உண்டு. டயப்பர், தொப்பி, சாக்ஸ் தவிர வேறு துணி இல்லாமல் குழந்தையைத் தாயின் மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வைக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை லேசாக மேலே தூக்கி இருக்கும், கால்கள் தவளைபோல் மடங்கும். மார்பு பெரிதாக இருந்தால் குழந்தை சரிந்து மூக்கு அமுங்கிவிடும். சாய்வு நாற்காலியில் பாதி சாய்ந்து உட்கார்ந்து, துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வரும்படி இறுக்கிக் கட்டினால் சரியாது. ஒரு நாளைக்கு மொத்தம் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. அம்மாவுக்கு ஆபரேஷன் வலி என்றால் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்று சோதனைகளின் விவரம் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தலை ஸ்கேன்: முதல் வாரத்தில் ஒன்று, ஒரு மாத அளவில் ஒன்று, 40 வாரக் கணக்கு வரும்போது ஒன்று. கண்: 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை, 28 வாரத்துக்கு முன் அல்லது 1.2 கிலோவுக்குக் கீழ் என்றால் 20 நாளுக்குள். இதில் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பார்வை போகலாம். காது: தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கு சாதாரணக் காது சோதனை மட்டும் போதாது, ஒலி காதிலிருந்து மூளை வரை போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு திருத்திய வயதுதான் அளவுகோல். ஜனவரி 10 அன்று 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முன்னதாக வந்திருக்கிறது. ஜூலை 10 அன்று பிறந்த தேதிப்படி 6 மாதம், வளர்ச்சியை 4 மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படி. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு. இந்தக் கணக்கு தெரியாமல் ஒரு பக்கம் வீணாகப் பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், "குறைமாசம்தானே, மெதுவா செய்வான்" என்று உண்மையான அறிகுறியையும் விட்டுவிடுகிறார்கள். திருத்திய வயதில் 2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்காதது, 3 மாதத்துக்குப் பிறகும் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கியே வைத்திருப்பது, 4 மாதத்தில் தலை நிற்காதது, தூக்கினால் கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்வது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, 9 மாதத்தில் உட்காராதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்ட வேண்டும்.

கட்டைவிரலை வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தை விழித்து, பசியில்லாமல், அழாமல் இருக்கும்போது உள்ளங்கையைத் தொடாமல் சும்மா கவனியுங்கள். தொட்டால் எந்தச் சின்னக் குழந்தையும் பிடித்துக்கொள்ளும், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. விரல்கள் தானாக விரிந்து மூடுகின்றனவா, இரண்டு கையிலும் ஒரே மாதிரியா என்று ஐந்து நிமிடம் பாருங்கள், போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். திருத்திய வயது 3 மாதத்தில் குழந்தை மல்லாந்து கிடக்கும்போது கைகால்களில் ஓடும் சின்னச் சின்ன அசைவுகளை வைத்தே பயிற்சி பெற்றவர்கள் மூளை முடக்குவாத ஆபத்தைக் கணித்துவிடுவார்கள். ஒரு வயது, ஒன்றரை வயது வரை காத்திருக்க வேண்டிய காரணம் இப்போது இல்லை.

ஒவ்வொரு வருகையிலும் எடையைவிடத் தலைச்சுற்றளவைக் கேட்டு வாங்குங்கள். தலை வளர்வது மூளை வளர்வதால். எடை மட்டும் ஏறி தலை நின்றுவிட்டால் அது நல்ல வளர்ச்சி அல்ல. டாக்டர் எழுதிய இரும்புச் சொட்டு மருந்தையும் வைட்டமின் டி-யையும் "குழந்தை நல்லா இருக்கு" என்று நிறுத்த வேண்டாம். குறைமாதக் குழந்தை தாயிடமிருந்து இரும்பைச் சேர்த்துக்கொள்ளும் கடைசி வாரங்களை இழந்து பிறந்தது.

34 முதல் 36 வாரத்தில் பிறந்தவர்கள் பற்றி எனக்குக் கவலை அதிகம். குறைமாதக் குழந்தைகளில் பெரும்பான்மை இவர்கள்தான். 2.2 கிலோ இருக்கும், மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதோடு யாரும் கூப்பிட மாட்டார்கள். 34 வாரத்தில் மூளையின் எடை நிறைமாத மூளையில் மூன்றில் இரண்டு பங்குதான். பேச்சுத் தாமதம், கவனக்குறைவு, எழுத்தில் சிரமம் எல்லாம் இவர்களிடம் நான்கைந்து வயதில்தான் தெரியவரும். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் "34 வாரத்துல பொறந்தது" என்று வாய்விட்டுச் சொன்னால், ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி இலவசம். முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் நல்ல இடம், ஆனால் திருவொற்றியூரிலிருந்து கைக்குழந்தையோடு வாரம் மூன்று முறை போய்வர முடியாது. பக்கத்தில் கிடைக்கும் பயிற்சியை வாரம் தவறாமல் எடுத்து, சொல்லிக்கொடுப்பதை வீட்டில் தினமும் செய்வதுதான் நடக்கக்கூடியது.

அடுத்த குழந்தைக்கு ஒன்றரை முதல் இரண்டு வருட இடைவெளி விடுங்கள். அதற்குள் இந்தப் பிரசவத்தில் ஏறிய எடையை மெதுவாக இறக்கலாம், ரத்தசோகையைச் சரிசெய்யலாம், சர்க்கரை இருந்தவர் பிரசவம் முடிந்து ஆறாவது வாரத்தில் மறுபடி பரிசோதிக்கலாம். அடுத்த கர்ப்பத்தின் முதல் வருகைக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, தானாக வலி வந்ததா, பனிக்குடம் உடைந்ததா, பி.பி.க்காக டாக்டர் எடுத்ததா என்று அதில் இருக்கும். கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் பார்ப்பதா, கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் கொடுப்பதா, ஆஸ்பிரின் தொடங்குவதா என்று டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.